மூன்றாம் ஷிப்டு வீட்டுப் பிள்ளை

பால்வாடி டீச்சர் வேலை என்றால் சோறு போட்டுத் தூங்க வைப்பது என்று ஊர் நினைக்கும்; பிள்ளைகளின் வாயைத் திறக்க வைப்பதுதான் அந்த வேலை என்பது அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் தெரியும். தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில், நூல் மில் தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லைன் வீட்டுத் தெருவில் எனக்கு அந்த வேலை. இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு ஆயா, நான். உங்களில் யாராவது இதே வேலையில் தொண்டை கட்டியவர்கள் இருந்தால், படித்து ஆறுதல் அடையுங்கள்.

காலி சிலேட்டு

மூன்று வயதுப் பிள்ளை முதலில் நிறையப் பேசட்டும், எழுத்து பிறகு வரும் என்பது என் கட்சி. ஆகவே காலை முழுக்கக் கதையும் பாட்டும்தான். தினமும் குளித்தும் காக்காய் ஏன் வெளுக்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெற்றவர்களுக்கோ சாயங்காலம் சிலேட்டில் ஒரு 'அ'னாவாவது இருந்தாக வேண்டும்.

ஒருநாள் கதை சொல்லிச் சொல்லிக் குரலே போய் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு அம்மா சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், சிலேட்டு கழுவி வெச்சாப்பல இருக்குதுங்களே. இன்னைக்கு நீங்க லீவுங்களா?"

வசம்பு வைத்தியம்

பிறகு கோகிலா வந்து சேர்ந்தாள். ஐந்து வயது ஆகப்போகிறது. பெயரில்தான் குயில், வாயில் சத்தமே இல்லை. காது நன்றாகக் கேட்டது. சிவப்புப் பந்தை எடு என்றால் ஓடிப்போய் எடுப்பாள். பேச மட்டும் மாட்டாள். அவள் அம்மா சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை வாயைத் திறந்து பேர் சொன்னால்தான் ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். இன்னும் ஐந்தே மாதம். நான் காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ண ஆரம்பித்தேன்.

எங்கள் ஆயா ராஜம்மாவுக்குக் கலக்கமே இல்லை. பேச்சு வருமென்று வசம்பைச் சுட்டு ஒரு வாரம் நாக்கில் தடவினார். கோகிலா முகத்தைச் சுளித்தாளே ஒழியப் பேசவில்லை. என்ன ஆயிற்று உங்கள் வைத்தியம் என்று கேட்டேன். "மருந்து நல்ல மருந்துங்க டீச்சர். கடைக்காரந்தான் பழசைக் குடுத்துப்போட்டான்."

சத்தமே வராத வீடு

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலையில் சேர்ந்தது. கோகிலா வராத ஒருநாள், காலை பதினோரு மணிக்கு அவள் வீட்டு வாசலில் நின்று "சரோஜா!" என்று குரல் கொடுத்தேன். கோகிலா ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தாள்.

உள்ளே ஒரே அறை. நடுவில் அவள் அப்பா பழனிச்சாமி, ராத்திரி முழுக்க மூன்றாம் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். கோகிலா கட்டைவிரலை வாயருகே வைத்துக் காட்டினாள். சரோஜா தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை ஓசை வராமல் ஒரு துணி மேல் வைத்தாள் பிள்ளை. பிறந்தது முதல் அவளுக்குப் பகல் இப்படித்தான் போயிருக்கிறது. எனக்குச் சட்டென்று விஷயம் விளங்கிவிட்டது. சரோஜாவுக்கோ ஒரே பெருமை. என் காதருகே வந்து கிசுகிசுத்தார். "நல்ல புள்ளைங்க. இருக்கற எடமே தெரியாதுங்க."

மிசினும் தூக்கமும்

பழனிச்சாமியை ஒரு சாயங்காலம் வரவழைத்தேன். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, பரீட்சைக்கு வந்தவர் போல நின்றார். தூங்கி எழுந்ததிலிருந்து வேலைக்குப் போகும் வரை பிள்ளையோடு பேசுங்கள், அவள் பதில் சொல்லாவிட்டாலும் விடாமல் பேசுங்கள் என்றேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். "பேசறதுக்கு எனக்கு என்னங்க டீச்சர் தெரியும்? ஒண்ணு மிசினு, இல்லாட்டித் தூக்கமுங்க."

மத்தியானக் கச்சேரி

அந்த மிசினைப் பற்றியே பேசச் சொல்லி அனுப்பினேன். மிசினிலிருந்து மேஸ்திரி வரை தினமும் பேசுகிறார் என்று சரோஜா சொன்னார். ஏப்ரல் வந்தது. கோகிலா வாய் திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் நாமே கெடுத்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் படுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். திடீரென்று கைதட்டும் சத்தம். பாய்களுக்கு நடுவே கோகிலா மில் மேஸ்திரி மாதிரி நின்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் எழுந்து அலறின. நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளோ என்னை விலக்கிவிட்டு மறுபடியும் கத்தினாள். "எந்திரிங்க டீச்சர்! நூலு அந்து போச்சு, தூங்குனா ஆரு ஒட்டறது?"

ஜூன் மாதம்

தலைமையாசிரியர் பேரைக் கேட்டார். கோகிலா தன் பேர், அப்பா பேர், தெருவின் பேர் எல்லாம் சொல்லி, மேஸ்திரியின் வசவுகளுக்கு வந்தபோது அவர் போதும் என்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

பழனிச்சாமி ஷிப்டு முடித்து நேரே வந்திருந்தார். தலையில் பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு. வீட்டில் இப்போது நாளெல்லாம் பேச்சுத்தான் என்று சரோஜா சொல்லியிருந்தார். பகலில் இனி எப்படித் தூங்குவீர்கள் என்று கேட்டேன். மகளைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார். "அது பேசட்டுங்க டீச்சர். நான் ஞாயித்துக்கெழம லீவு ராத்திரியில தூங்கிக்கிறனுங்க."

ஆகவே டீச்சர்மாரே, ஒரு பிள்ளையைப் பேச வைப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் யாருடைய தூக்கம் போகப்போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.