ரெண்டு பேர் உட்காரும் கார்

என் வீட்டுக்காரர் போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். உலகச் சண்டை ஆரம்பித்த மறு வருஷம், மலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பும்போது விற்ற பச்சை ரேஸ் காரை ஆசைப்பட்டு வாங்கினார். தரையோடு ஒட்டின மாதிரி இருக்கும். ரெண்டு பேர்தான் உட்காரலாம். ஆறு மாதம் ஓட்டியிருப்பார். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் வந்ததும், ஒரு டின் பெட்ரோலை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, காரை ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள் நிறுத்தி ஜமுக்காளம் போட்டு மூடினார்.

பஸ் ஷெட் மெக்கானிக் அன்றைக்கே சொன்னார்: "மொதலாளி, மாசம் ஒருக்கா பேட்டரியக் கழட்டி எங்கிட்ட அனுப்பி வைங்க, சார்ஜ் ஏத்தித் தாரேன். சும்மா கெடந்தா செத்துப்போகும்."

அந்த ஆள் தெருமுனை தாண்டியதும் இவர் சிரித்தார். "பொழப்புக்கு வழி தேடுறான்."

நான் ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். "காரப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார். எனக்கு ஒன்று தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் கிட்டங்கிக்குக் கூட்டிப்போய், ஜமுக்காளத்தை விலக்கி, விளக்கைப் போட்டுக் காட்டி ஹாரன் அடிப்பார். முதலில் அந்த ஹாரன் தெருவையே எழுப்பும். ஒரு வருஷத்தில் ஆட்டுக்குட்டி தும்முகிற மாதிரி ஆகிவிட்டது. அவருக்கு அது காதில் விழவே இல்லை.

ஒருநாள் காலை ஏழே முக்காலுக்குத் தந்தி வந்தது. கெங்குவார்பட்டியிலிருந்து அண்ணன் கொடுத்தது. ஐயாவுக்கு முடியவில்லை, உடனே வா. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.

ரயில் தண்டவாளத்தைச் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்ட காலம். எட்டு மணிக்குக் கரி பஸ் ஒன்று உண்டு. பின்பக்கம் அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிப்புகையில் ஓடுகிற பஸ். தேனியில் மாறி, பெரியகுளம் வழியாகப் பதினோரு மணிக்கெல்லாம் ஊர் போய்ச் சேரலாம். பத்து நிமிஷத்தில் ரெண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார்.

"பஸ்ஸுக்கு."

"வீட்டுல காரு நிக்கையில கரி பஸ்ஸுல போயி எறங்குவியா? ஊர்ல என்ன நெனப்பாக? ஒன்றரை மணி நேரத்துல கொண்டுபோயி விடுறேன். உள்ள வச்சிருக்க பெட்ரோலு எதுக்கு?"

"இங்க பாருங்க, அது கெளம்புமான்னு…"

"நிக்கச் சொன்னா நில்லு."

நின்றேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கையில் மூட்டையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கிட்டங்கியில் சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. இரும்புக் கைப்பிடியை முன்னால் மாட்டிச் சுற்றினார். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மூட்டை தூக்குகிற ஆட்கள் ஆறு பேரைக் கூப்பிட்டுத் தெருவில் தள்ளச் சொன்னார். தேரடி வரை தள்ளினார்கள், திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. இவர் சட்டை நனைய ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "வேகமாத் தள்ளுங்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்கு மெக்கானிக் வந்தார். சீட்டுக்குப் பின்னால் பலகையைத் தூக்கி பேட்டரியைப் பார்த்தார். தண்ணீர் வற்றி, தகடெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"எவ்வளவு தள்ளினாலும் பொறி வேணும்ல மொதலாளி. பொறி இதுலருந்துதான் வரணும். இது செத்து மாசக்கணக்காச்சு." பிறகு என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். "ஆத்தா, அடுத்த பஸ் பன்னெண்டு மணிக்குத்தான்" என்று தணிந்த குரலில் சொன்னார்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் ரெண்டு பேரும் போனோம். அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி என்மேலும் இருந்தது. என் காலை யாரும் கட்டிப்போடவில்லை. நாலு எட்டு நடந்திருந்தால் அந்த எட்டு மணி பஸ்ஸில் ஏறியிருப்பேன். நில்லு என்ற ஒரு சொல்லுக்கு நின்றேன்.

ஊர் எல்லையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது.

மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பன்னெண்டு மணி வரைக்கும் பேச்சு இருந்துச்சு. 'அவ வந்துட்டாளா'ன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஒரு மணிக்குத்தான் அடங்குச்சு."

முற்றத்தில் என் வீட்டுக்காரரைச் சுற்றி உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஏன் தாமதம் என்று கேட்டார்கள். "என்னத்தச் சொல்ல, பேட்டரி கழுத்தறுத்துருச்சு" என்றார்.

எங்கிருந்து எனக்கு அந்தக் குரல் வந்ததோ தெரியாது. ஐயாவின் கால்மாட்டிலிருந்து எழுந்து வந்து சொன்னேன்: "பேட்டரி அறுக்கல. நீங்கதான் அறுத்தீக. எட்டு மணிக்கு பஸ்ஸுக்குக் கெளம்புனவள நிக்கவச்சது நீங்க."

புருஷனை நாலு பேர் முன்னால் பேசிவிட்டாள் என்று அத்தைமார் என்னை உள்ளே இழுத்துப்போனார்கள். அண்ணன் மட்டும் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் என்னைக் கூட்டிப்போக வந்தார், அதே காரில். மதுரையிலிருந்து புது பேட்டரி வரவழைத்திருந்தார். கழுவித் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். கதவைத் திறந்துகொண்டு நின்றார். நான் அவரைத் தாண்டி நடந்துபோய் பஸ்ஸில் ஏறினேன்.

அந்தக் காரால் நிமிஷத்தில் பஸ்ஸை முந்தியிருக்க முடியும். முந்தவில்லை. தேனி வரைக்கும் கரிப்புகையைக் குடித்துக்கொண்டே பின்னால் வந்தார். தேனியில் இறங்கி, ஒரு சீப்பு பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். மூஞ்சியெல்லாம் கரி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள்தான் பாவம் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

சண்டை முடிந்ததும் காரை விற்றுவிட்டார். அதுவரை மாதம் தவறாமல் பேட்டரியைக் கழற்றி பஸ் ஷெட்டுக்கு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொல்லி அனுப்புவார். அந்தச் சத்தம் கேட்டதுமே நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவேன். அவரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய எத்தனையோ காரியங்களை மன்னித்திருக்கிறேன். இதை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.