ஏழாம் எண்ணின் பட்டை

எங்கள் தாய்மாமாவுக்குக் கனவில் நம்பிக்கை கிடையாது. அவர் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டத்தில் அதை ஒரு பெரிய குறையாகவே பேசிக்கொண்டார்கள். நான்கு இலக்க லாட்டரிக் குலுக்கலுக்குப் பணம் கட்ட, ஒருவர் கனவில் வந்த பாம்பை நம்புவார். இன்னொருவர் சாலையில் கவிழ்ந்த லோரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடுவார். சாமி வந்து ஆடுகிறவர் கை விரலை எப்படி மடக்குகிறார் என்று உற்றுப் பார்ப்பதற்கென்றே கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு. மாமா எதிலும் சேரமாட்டார். "எல்லாம் சும்மாலா. ஒரு கணக்கு வேணாமா?" என்பார். கடைசியில் அந்தக் கணக்கை அவருக்குக் கொடுத்தவள் நான்தான்.

எழுபதுகளின் பின்பாதி அது. நாங்கள் ஈப்போ நகரில், புந்தோங் பகுதியில் குடியிருந்தோம். மாமா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் தன் ஹோண்டா மோட்டார் சைக்கிளில் அம்மாவைப் பார்க்க வருவார். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பள்ளியில் அப்போதுதான் பட்டைக் குறிவரைவு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று வகுப்பில் கேட்டு, ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம் என்று கலர் அடிக்க வேண்டும். ரம்புத்தானின் பட்டை தாளின் உச்சிக்கே போய்விட்டது. பப்பாளிக்கு ஒரே ஒரு கட்டம், அது ஆசிரியருடையது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருந்தார். தம்பிக்குக் காது குத்த நாள் குறித்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள்; கடுக்கனும் அவர்தான் கொண்டுவர வேண்டும். முதல்நாள் வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தோட்டத்துலருந்து தங்கம் வருதா, கவரிங் வருதான்னு பாப்போம்." அம்மா இதை மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார். மாமா டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"தங்கந்தான்க்கா. சும்மா மெல்லிசா இல்ல. அவங்க வாய அடைக்கிற மாரி கொண்டு வாரேன்."

"எதுக்குடா வீம்பு? உன்னால முடிஞ்சத செய்யி."

"அதெல்லாம் இல்ல. நான் சொன்னா சொன்னதுதான்."

அப்போதுதான் மேசைமேல் கிடந்த என் பழப்படம் அவர் கண்ணில் பட்டது. எடுத்து நெடுநேரம் பார்த்தார். "பாத்தவொடனே தெரியுதேலா, எது ரொம்ப வந்துச்சு, எது வரலன்னு," என்றார். பிறகு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், குலுக்கல் எண்ணுக்கும் இதே மாதிரி ஒரு படம் போட வேண்டும் என்று அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னார்.

அடுத்த வாரமே ஹோண்டாவின் பின்னால் ஒரு கட்டுப் பழைய பத்திரிகை வந்து இறங்கியது. முடிவெட்டும் கடையிலும் தோட்டத்து மளிகைக்கடையிலும் கெஞ்சி வாங்கியவை. குலுக்கல் முடிவு வந்த பக்கங்களை மட்டும் எடுத்து, பரிசு எண்கள் ஒவ்வொன்றின் கடைசி இலக்கத்தையும் நான் படிப்பேன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்துப் பட்டைகள். வந்த எண்ணுக்கு ஒரு கட்டம். கட்டத்தாள் நீளாதபோது சோற்றுப் பசையால் இன்னொரு தாளை மேலே ஒட்டினோம். நான் பள்ளிப் பாடம் செய்கிறேன் என்று நினைத்து அம்மா ஓவல்டின் கலக்கிக் கொடுத்துவிட்டுப் போவார்.

படம் வளர வளரச் சண்டையும் வளர்ந்தது. ரம்புத்தான் மாதிரி எது உயர்ந்திருக்கிறதோ அதுதான் மறுபடி வரும் என்பது என் கட்சி. எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்ற மூன்றைக் கட்டச் சொன்னேன். மாமாவின் கட்சி நேர்மாறு.

"ஏழப் பாரு, எவ்ளோ பின்னால நிக்கிது. இவ்ளோ நாள் வரலன்னா இனிமே வந்துதான் ஆவணும்."

"வராததுதான் வராது மாமா."

"உனக்குப் பழம் தெரியும். எனக்கு நம்பர் தெரியும்லா."

பெரியவர் என்பதால் அவர்தான் ஜெயித்தார். கடைசி இலக்கம் ஏழு என்று முடிவானது. முன்னால் வரவேண்டிய மூன்று எண்களுக்குப் படம் போடப் பொறுமை இல்லாததால், அவற்றைத் தன் ஹோண்டாவின் எண்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார். கவிழ்ந்த லோரியின் எண்ணை நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தவர் அவர் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே நினைவு வரவில்லை.

வாரம் தவறாமல் கட்டினார். வாரம் தவறாமல் பணம் போனது. இதற்குள் பள்ளியில் சராசரி நடத்தினார்கள். எல்லாக் கட்டங்களையும் கூட்டிப் பத்தால் வகுத்து, படத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது. பத்திரிகை ஐந்தாறு இருந்தபோது மலையும் பள்ளமுமாக அவ்வளவு அழகாக இருந்த படம், சேரச் சேர வேலிச்செடியை வெட்டிவிட்டது போல மட்டமாகிக்கொண்டே வந்தது. மூன்று இறங்கவில்லை, ஏழு பாய்ந்து ஏறவும் இல்லை. எல்லாம் பேசிவைத்துக்கொண்டது போல அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றன. எங்கோ தப்பாக எண்ணிவிட்டேன் என்று முதலிலிருந்து எண்ணினேன். அப்படியும் அதேதான். பத்து எண்ணும் ஒன்றுதான், எதற்கும் எந்தச் சலுகையும் இல்லை என்று அந்தப் படம் எங்கள் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது. நானோ படம் கெட்டுப்போச்சு என்று அழுதேன். மாமா என் தலையில் தட்டி, "விடக்கூடாது பாப்பா, கிட்ட வந்துட்டோம்," என்றார்.

காது குத்தும் நாள் வந்தது. கோயிலில் அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா வெள்ளை வேட்டியில் வந்து, சட்டைப்பையிலிருந்து நகைக்கடைப் பெட்டியை எடுத்தார். அதை அம்மாவிடம் கொடுக்கவில்லை. நேராக அத்தையிடமே நீட்டினார். அத்தை கடுக்கனை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி முத்திரையைத் தேடினார். முத்திரை இருந்தது. கையில் வைத்துக் கனம் பார்த்தார். பிறகு தட்டில் வைத்தார். அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை. தம்பி மாமாவின் மடியில் ஊரைக் கூட்டினான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மாமாவின் காதருகே போய்க் கேட்டேன். "ஏழா மாமா?"

அவர் தன் இலையில் இருந்த வடையை எடுத்து என் கையில் வைத்தார். "ஏழுதான். உன் படத்தாலதான் கெடச்சிச்சு."

வீட்டுக்குப் போனதும் பத்திரிகைக்குக்கூடக் காத்திராமல் ஏழாம் பட்டையில் ஒரு கட்டம் ஏற்றிக் கலர் அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் வரைந்ததில்லை.

ஆனால் காது குத்திய மறுவாரத்திலிருந்தே மாமா பஸ்ஸில் வரத் தொடங்கினார். மோட்டார் எங்கே என்றால், "பட்டறையில கெடக்குலா," என்பார். மாதக்கணக்கில் அது பட்டறையிலேயே கிடந்தது. பஸ் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து, சட்டை நனைந்து வந்து சேருவார். பத்திரிகைக் கட்டும் வருவதில்லை. இவ்வளவு பணம் ஜெயித்தவர் மோட்டாரைக்கூடச் செப்பனிடாமல் பணத்தைப் பூட்டிவைத்திருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கணக்குப் போட்டுக் கொடுத்தவளுக்கு ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கூட வாங்கித் தரவில்லை. பணம் வந்ததும் மாமா கஞ்சனாகிவிட்டார் என்று நான் முடிவுகட்டினேன். அந்த வருடம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.