பனிக்கட்டியில் நின்ற மாடு

ஜெசிந்தா அக்காவின் கணவர் அன்ரன் அண்ணையின் செய்தி வந்தபோது மகளுக்குப் பனியுடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கை உள்ளே போய்விட்டது, மற்றது போகவில்லை. "ஜெசிந்தா விடிய எங்களை விட்டிட்டுப் போட்டா" என்று மட்டும் எழுதியிருந்தார். மற்றக் கையையும் உள்ளே விட்டேன். பிள்ளையைக் காப்பகத்தில் விட்டேன். வேலைக்குப் போனேன். எங்கள் முதியோர் இல்லத்தின் உடைமாற்றும் அறையில், அவருடைய அலுமாரிக் கதவில் பெயர் இன்னும் ஒட்டியிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அழுகை வந்தது.

டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க் நகரில் உங்களில் பலருக்கு ஜெசிந்தா அக்காவைப் பூசை முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றித் தருகிறவராகத் தெரியும். எனக்கு அவர் வேலைத்தோழி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், ஆனால் இருவரும் ஒரே வாரத்தில்தான் அங்கே சேர்ந்தோம். நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, திருமணமாகி வந்தவள். டெனிஷில் வாய் திறக்குமுன் வசனத்தை மனதுக்குள் மூன்று தரம் திருத்துவேன். திருத்தி முடிப்பதற்குள் கதை வேறு எங்கோ போயிருக்கும். அக்கா பல வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்தவர். சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார்.

பதற ஒன்றுமில்லை என்று சொல்ல இந்த நாட்டவர்கள் ஒரு மாட்டையும் பனிக்கட்டியையும் இழுத்து வருவார்கள்: "பனிக்கட்டியில் மாடு இல்லை." முதல் வாரமே கோப்பி மேசையில் அதைக் கேட்டோம். "இதென்னடி, ஆசுப்பத்திரி மாதிரி இடத்திலை மாட்டுக் கதை?" என்றார் அக்கா. அர்த்தம் தெரிந்த நிமிடத்திலிருந்து விடவில்லை. கோப்பி ஊற்றுப்பட்டால் மாடு, பஸ் பிந்தினால் மாடு. தாய் இறந்து இரண்டு நாள்கூட ஆகாத ஒரு பெண்ணிடமும் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. அக்கா வாகனத் தரிப்பிடம் வரை பின்னால் ஓடிப்போய், அதே உடைந்த டெனிஷில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"சரி, அந்த இடத்திலை மாட்டை அவிழ்க்கக் கூடாது எண்டு இப்ப தெரிஞ்சிட்டுது. நீ இன்னும் கட்டையிலேயே கட்டி வைச்சிருக்கிறாய்" என்றார் என்னிடம்.

இன்னொரு நாள், காலைக் கூட்டத்தில், முன்பு பண்ணை வைத்திருந்த ஒரு முதியவரைப் பற்றிப் பேச்சு வந்தது. களைப்புத்தான், வேறொன்றுமில்லை என்றார்கள். அக்கா அன்று அவரைக் கழுவித் துடைத்தவர். எழுந்து நின்று, அந்தச் சொல்லை அப்படியே தலைகீழாக்கி, பனிக்கட்டியில் மாடு நிற்கிறது, நாலு காலாலும் நிற்கிறது என்று டெனிஷில் சொன்னார். யாரும் அப்படி மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. மேசை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, உட்காரவுமில்லை. தாதி எழுந்து போய்ப் பார்த்தார். மத்தியானமே அந்த மனிதரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், நெஞ்சில் சளி கட்டியிருந்தது. சுகமாகித் திரும்பிய பிறகு அக்காவைக் காணும்போதெல்லாம் அவர் மாடுபோலக் கத்துவார். அக்காவும் பதிலுக்குக் கத்துவார்.

நான் அந்தச் சொல்லைப் பழகியது மகள் பிறந்த பிறகு. பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே என் முழுநேர வேலையாக இருந்தது. வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் தாதி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். மாட்டுக் கதையை உச்சரிப்புப் பிசகாமல் எடுத்துவிட்டேன். அவர் சிரித்து, என் டெனிஷைப் புகழ்ந்து, போய்விட்டார். பெருமையோடு அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கிறாய். ஆனா ஒரு பொய்க்கு ஏன் பிள்ளை இவ்வளவு நல்ல டெனிஷ்?"

பிறகு அக்கா கடும் நோயில் விழுந்துவிட்டார் என்று அறிந்ததும் போன் எடுத்தேன். எப்படி அக்கா என்று கேட்க, அவரும் பனிக்கட்டியில் மாடு இல்லை என்றுதான் டெனிஷில் சொன்னார், நேராக, ஒரு பிழையும் இல்லாமல். "நீ பிள்ளையைப் பார். நான் எங்கை ஓடப் போறன்?" என்றார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. மகளுக்குக் காய்ச்சல், எனக்கு வேலை, வீட்டில் குவிந்த உடுப்பு. மூன்று கிழமை அவரைப் பார்க்கப் போகவில்லை. பொய்யைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதை நான் அவரிடம் கேட்டிருக்கலாம்.

அடக்கம் முடிந்த கிழமை, வீட்டுக்கு வரும் அந்தத் தாதி மறுபடி வந்தார். பிள்ளையை நிறுத்தார், அளந்தார், எழுதினார். ஜாக்கெட்டில் ஒரு கையை விட்டுக்கொண்டே, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றார். சரியான வசனம் நாக்கு நுனியில் இருந்தது. நான் ஜெசிந்தா அக்காவின் வசனத்தைச் சொன்னேன். மாடு நிற்கிறது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை வெளியே எடுத்து, ஜாக்கெட்டைக் கதிரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளாக நிற்கிறது?"

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு பிழையான வசனம்தான். "பிள்ளை பிறந்த நாளிலிருந்து" என்றேன்.