அடுப்பு மேல் மூங்கில்

அழகருக்குத் தேயிலை ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்த மூங்கில் தன்னுடையது என்று, அவருடைய மதினி இராக்கம்மா இருபத்தைந்து வருஷமாக தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தாள். அதில் அவருக்கு ஆறாத கோபம். அவள் சொன்னது நிஜம் என்பதில் அதைவிடக் கோபம்.

அந்த வேலை கிடைப்பதற்கு முன், இலங்கை மலையிலுள்ள நமுனுகுலத் தோட்டத்துக்கு ஓர் அமெரிக்கத் துரை வந்திருந்தார். கண்ணாடிக் குமிழுக்குள் வைத்து மின்விளக்கு எரிக்க நல்ல நார் தேடி, தேசம் தேசமாக மூங்கில் சேர்க்கிறவர்.

"மூணு மாசத்துல திரும்பி வருவாரு. யாரு மூங்கி அவருக்குப் புடிக்குதோ, அவனுக்கு ஆலையில வேல," என்றார் தலைக் கங்காணி.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் இரண்டு முறை தன் காலையே வெட்டிக்கொண்டவர் அழகர். மலைச்சரிவு வேலையை விட்டு இறங்க வேறு வழி இல்லை. மறுநாளே மூங்கில் வெட்டக் கிளம்பினார். கொழுந்துக் கூடை பின்னிக்கொண்டிருந்த இராக்கம்மா நிமிர்ந்தாள்.

"வளர்பிறையில வெட்டாதீங்க கொழுந்தனாரே. வண்டு தின்னுரும்."

"துரைக்கு நாரு வேணும். நெலாவா வேணும்? போங்க மதினி!"

ஏழு ரகம் வெட்டி, கீறி, கட்டிக் கூரையில் சொருகினார். துரை வருகிற அன்று காலை கட்டை அவிழ்த்தால் வண்டு தின்ற மாவு பொலபொலவென்று கொட்டியது.

"பிட்டு அவிக்கலாமா?" என்றாள் இராக்கம்மா. பிறகு, தன் அடுப்புக்கு மேலே புகை குடித்துக் கிடந்த, தேய்பிறையில் வெட்டிய மூங்கில் கீற்றுகளை எடுத்து நீட்டினாள். "கொண்டு போங்க. இன்னொருக்கா கால வெட்டிக்கிட்டா ஒங்க அண்ணன்தான் சொமக்கணும்."

துரை ஒரு கீற்றை வளைத்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், பெட்டிக்குள் வைத்தார். அழகர் ஆலைக்குள் போனார்.

ஆலைக்கு மின்விளக்கு வந்தது வெகுகாலம் கழித்துத்தான். விளக்குப் பார்க்க வந்த கூட்டத்துக்கு முன்னால் நின்று, "பாருங்கடி, என் மூங்கி எரியுது!" என்று கூவினாள் இராக்கம்மா. உள்ளே இருப்பது வெறும் கம்பி என்று இஞ்சின்காரர் அழகரிடம் முன்பே சொல்லியிருந்தார். மதினியை மடக்க இத்தனை வருஷத்தில் கிடைத்த ஒரே வாய்ப்பு. வாயிலிருந்த வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கினார்.

"ஆமா, மதினியோட மூங்கிதான்," என்றார், அத்தனை பேரும் கேட்க.

அடுத்த மழைக்கு அவள் நோயில் படுத்தாள். பார்க்கப் போன அழகரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"என் பாடைக்கு மூங்கி நீங்கதான் வெட்டணும்."

"சும்மா இருங்க மதினி."

"இந்தத் தேய்பிறையிலேயே வெட்டி அடுப்பு மேல போட்டு வைங்க. மாவு கொட்டிக்கிட்டுப் போனா, அந்த லோகத்துல இருக்கவுக சிரிப்பாக."