அக்குளில் கட்டிய நெறி

தொப்பூர் மேட்டில் லாரி சூடேறி நின்றபோது, அதை ஓட்டிவந்த என் கணவர் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீறிட்டு வலது முன்கை வெந்துபோனது. மோகனூரில் வீடு வந்து சேர்ந்தவர், "ரெண்டு நாள்ல ஆறிரும் புள்ள" என்று படுத்துக்கொண்டார்.

கொப்புளங்கள் நீர் கோத்து விண்ணென்று நின்றன. அவர் பல்லைக் கடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், தையல் ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டேன். மேலே பற்பசையைப் பூசினேன்.

மூன்றாம் நாள் காலையில் புண் நாறியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. சட்டையைக் கழற்றியபோது, முழங்கையிலிருந்து அக்குளை நோக்கி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது. அக்குளில் நெறி கட்டியிருந்தது. தொட்டதும் அலறினார்.

நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "புண்ணுல சேர்ந்த கிருமி நிணநீர்க் குழாய் வழியா ஏறுதும்மா" என்றார் டாக்டரம்மா. "அக்குள்ல இருக்கிற நெறிதான் அதைத் தடுத்துப் பார்க்குது. அதையும் தாண்டி ரத்தத்துல கலந்தா உயிருக்கே ஆபத்து. கொப்புளத்தை யார் உடைச்சது?"



"தானா ஒடைஞ்சுருச்சுங்க" என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

கோடு முடிந்த இடத்தில் நர்ஸ் பேனாவால் குறியிட்டு, "இதைத் தாண்டுனா கூப்பிடுங்க" என்றார். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் சிவப்பு இரண்டு விரற்கடை தாண்டிவிட்டது. கத்திக்கொண்டே ஓடினேன். மருந்தை மாற்றினார்கள். செத்த தோலை வெட்டி எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நாந்தானுங்க குத்துனேன். நானே கொன்னுட்டனுங்களா?"

"அதனாலதான்னு இப்பச் சொல்ல முடியாதும்மா. அழாதீங்க, பார்ப்போம்."

அந்தப் பதில் என்னை விடுவிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது, கோடும் மங்கியது. உயிர் தப்பியது. ஆனால் கையின் வீக்கம் வற்றவில்லை. நிணநீர் வடியும் வழிகள் கெட்டுவிட்டதால் இனி வீக்கம் இருந்துகொண்டேதான் இருக்கும் என்றார்கள். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

போன வாரம் அவர் லாரியில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. கீழே நின்ற என்னிடம், "நீ ஊட்டுக்குப் போ, வாரேன்" என்றார். நான் போகவில்லை. அவரும் இறங்கவில்லை.