மடியில் நில்லாத குழந்தை

கேம்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் ஜான்சி நர்ஸாக இருந்தாள். அவள் கணவன் டேனியலுக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலை. 2005இல், கோந்த்வாவுக்குக் குடிவந்த கையோடு, பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். அவர்களுடைய ஆறு வயது மகள் ஷெரின் பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டால், பட்டை கழுத்தை அறுத்தது. அதனால் அவள் அதைக் கக்கத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள். ஒருமுறை டேனியல் திடீரென்று பிரேக் போட, பட்டை அழுத்தி வயிறு கன்றிப்போனது.

குழந்தையைச் சற்று உயர்த்தி உட்காரவைக்க பூஸ்டர் சீட் வேண்டும் என்று வார்டு டாக்டர் சொன்னார். ஜான்சி ஏறி இறங்கிய கடைகளில் கைக்குழந்தைகளுக்கானதுதான் கிடைத்தது. கூட வேலை பார்ப்பவளின் கணவர் துபாயிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். காரின் பின்சீட்டில் தலைக்கு அணைப்பு இல்லாததால், முதுகு வைத்ததாகக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"சட்டத்துல இல்லாததுக்கு ஏன் இந்த அலைச்சல்?" என்றான் டேனியல்.

"சட்டம் வரும்போது வரட்டும்ங்க. இவளுக்கு இப்பதான் ஆறு வயசு."

அந்த டிசம்பரில் கேம்ப் தேவாலயத்தில் ஒரு ஞானஸ்நானம். டேனியலின் அக்கா ஆரோக்கியமேரி, கணவர், மாமியார், நாலு வயது மகள் என்று குடும்பத்தோடு வந்திறங்கினாள். எல்லோரும் ஒரே காரில் போவதாகப் பேச்சு.

"ஷெரினை மடியில வச்சுக்கிட்டா எல்லாரும் போயிரலாம். இந்த சீட்டத் தூக்கி டிக்கியில போடு ஜான்சி" என்றாள் ஆரோக்கியமேரி.

"வேண்டாம் மதினி. அவ அதுலதான் வருவா. நான் பஸ்ல வாரேன்."

டேனியலுக்கு முகம் கறுத்துவிட்டது. ஜான்சி மகளுக்குப் பெல்ட்டை மாட்டி, தோளில் படிகிறதா என்று பார்த்துவிட்டு, பட்டுப்புடவையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஆரோக்கியமேரி தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள்.

லுல்லாநகர் தாண்டியதும் ஒரு டெம்போ குறுக்கே திரும்பியது. டேனியல் பிரேக்கை மிதித்தும் லேசாக இடித்துவிட்டது. மடியிலிருந்த குழந்தையின் மோவாய் டேஷ்போர்டில் மோதிக் கிழிந்தது. ஷெரின் இருந்த இடத்தில் இருந்தாள். பயத்தில் அழுதாள், அவ்வளவுதான்.

தேவாலய வாசலில் செய்தி கேட்டு ஜான்சி தன் மருத்துவமனைக்கே ஓடினாள். தையல் போட்டு முடியும்வரை குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஆரோக்கியமேரி உடைந்துபோனாள். "இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன். கையிலேர்ந்து எப்படிப் போனாள்னே தெரியல."

"யார் கையிலயும் நிக்காது மதினி. எனக்கும் அப்படித்தான் போயிருக்கும்."

ஜான்சிக்கு ஜெயித்துவிட்டதாகத் தோன்றவில்லை. ரத்தக்கறை படிந்த அந்தச் சின்ன கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேனியல் சீட்டைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டான். அடுத்த மாதம் துபாய்க்காரரின் நம்பரைக் கேட்டு ஆரோக்கியமேரி போன் செய்தாள்.

சில வருடம் கழித்து, கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள், அந்த சீட் வேண்டாம் என்று ஷெரின் அடம்பிடித்தாள். ஜான்சி அவளை சீட் இல்லாமல் காரில் உட்காரவைத்துப் பார்த்தாள். முட்டி மடங்கும் இடம் சீட்டின் விளிம்புக்கு வரவில்லை; பட்டை இன்னும் கழுத்தருகேதான் கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள்" என்றாள். ஷெரின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறி அமர்ந்தாள்.