அந்தப் பெரிய வேனும் என் இரண்டு ஜெபங்களும்

மூன்று வருடங்களுக்கு முன், ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், என் கணவர் அருள் ஷெட் கூரையிலிருந்து விழுந்தார். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் அவர் வெல்டர். கால் வைத்த தகடு உடைந்துவிட்டது. உயிர் தப்பியது. ஆனால் முதுகெலும்பு மார்புக்கு மேலேயே முறிந்துபோனது. கைகள் வேலை செய்கின்றன. மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சிறுநீர் போவதற்கும் ட்யூப்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் நானும் மட்டும்.

ஒன்றரை வருடம் ஒரே ஜெபம் செய்தேன். இவர் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தேன். எந்த ஜெபக்கூட்டம் நடந்தாலும் அவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அவர் கால் விரலைப் பார்ப்பேன். ஒருநாள்கூட அசையவில்லை.

அவரை வெளியே கூட்டிப்போவதே பெரிய பாடு. ஆட்டோவில் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். காரில் ஏற்ற இரண்டு ஆண்கள் தூக்க வேண்டும். தூக்கி இறக்கியதில் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து புண்ணானது. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதையே குறைத்துக்கொண்டோம். சபைக்குப் போவது நின்றேபோனது.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. கம்பெனியில் ஆட்களை ஏற்றிவந்த பழைய வேன். முதலாளி அதை எங்களுக்கே கொடுத்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பின் சீட்டையெல்லாம் கழற்றி, வீல்சேர் ஏறுவதற்குச் சாய்வுப் பலகை செய்து, சக்கரத்தைப் பூட்ட தரையில் கொக்கி வைத்து வெல்டிங் செய்தார்கள். முன்னால் நின்று செய்தவர் பாஷா பாய். அருளோடு பத்து வருடம் வேலை செய்தவர், அந்த வேனை ஓட்டியவரும் அவரே.

உண்மையைச் சொல்கிறேன். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் அந்த வேன் வந்து நின்றபோது எனக்கு நன்றி வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கால்களைக் கேட்டேன், கர்த்தர் வண்டியைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. யார் ஓட்டுவது?

"நீங்கதான் அண்ணி ஓட்டணும். லைசென்ஸ் கீது இல்ல?" என்றார் பாஷா பாய்.

கார் லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு ஸ்கூட்டியைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் திருமுடிவாக்கம் எஸ்டேட் ரோடுகள் காலியாக இருக்கும். அங்கே பழகினேன். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து ஓட்டியதே இல்லை. க்ளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி வீங்கியது. உள் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது. முன்சக்கரம் என் காலுக்கு அடியிலேயே இருந்தது. காரைப்போல மூலை வந்ததும் திருப்பினால் வண்டியின் நடுப்பகுதி சுவரில் போய் உரசும்.

"அவசரப்படாதீங்க அண்ணி. மொதல்ல மூஞ்சி முழுசா வெளிய போவட்டும். அப்பறமா ஒடிங்க. வால் எங்க கீதுன்னு மனசுல வெச்சிகினே ஓட்டணும்."

ஐந்து வாரம் பழகினேன். பாஷா பாய் பக்கத்தில் இருந்தால் சமாளிப்பேன். ஆறாவது வாரம், முதல் முறையாக அவர் இல்லாமல், அருளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பிசியோதெரபிக்குக் கிளம்பினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை.

இடது பக்கம் திரும்பும்போது சீக்கிரமே ஒடித்துவிட்டேன். சைக்கிளில் ஒரு பெண் பக்கத்தில் வந்ததை நான் பார்க்கவேயில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற மோகன் சாருடைய மகள் கீர்த்தனா, எட்டாம் வகுப்பு. வேனுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் சைக்கிள் நசுங்குகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிள்ளை கடைசி நொடியில் குதித்துவிட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் போய்விட்டது.

பின்னால் பூட்டிய வீல்சேரில் இருந்த அருளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ரூபி, இன்னா ஆச்சு? யார்னா கீழ மாட்டிகினாங்களா? ரூபி, சொல்லு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். நான் இறங்கிப் பிள்ளையிடம் ஓடினேன்.

மோகன் சார் ஓடிவந்தார். "ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி? என் பொண்ணு போயிருந்தா திருப்பிக் குடுப்பீங்களா?" என்றார். மருந்து வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறக்கவில்லை. அதன்பிறகு எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

சாவியை ஆணியில் மாட்டினேன். நாலு மாதம் தொடவில்லை. பேட்டரி இறங்காமலிருக்க பாஷா பாய் எப்போதாவது வந்து ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவார்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவு நாள் சபையில் எழுந்து சாட்சி சொல்லாமலிருந்தேன்.

நவம்பரில் அருளின் புண் ஆழமாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனை மாதமோ தெரியாது. அவர் சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார். ஒருநாள் மாலை, அவர் துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது, பாத்ரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, போதும். இவரை எடுத்துக்கொள்ளும்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். கோபத்தில் சொல்லவில்லை. யோசித்து, முழு மனதோடு கேட்டேன். மறுநாளும் கேட்டேன். பத்து நாள் அதே ஜெபம்.

பதினோராம் நாள் காலை. இரண்டு நாளாக விடாத மழை. ஏரி நிரம்பி எங்கள் தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர். ஏழரை மணி இருக்கும்.

"ரூபி, மண்டை வெடிக்கிற மாரி கீது" என்றார்.

முகமும் கழுத்தும் ரத்தச் சிவப்பு. நெற்றியில் வியர்வை கொட்டியது. மார்புக்குக் கீழே தோல் குளிர்ந்து மயிர்க்கூச்செறிந்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் முன்னமே எச்சரித்திருந்தார். யூரின் ட்யூப் அடைத்துக்கொண்டால் இவர்களுக்கு வலி தெரியாது. ஆனால் ரத்த அழுத்தம் கண்டபடி ஏறும். மூளையில் ரத்தம் கசியலாம். படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். குனிந்து யூரின் பையைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. ட்யூப் எங்கும் மடங்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி கழுவிப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே போகவில்லை. வீட்டில் இருந்த மெஷினில் பி.பி. இருநூறைத் தாண்டியிருந்தது.

அவரை இழுத்து வீல்சேரில் உட்கார வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். "தண்ணி நிக்குதும்மா, சுத்தித்தான் வரணும். முக்கால் மணி நேரம் ஆகும்" என்றார்கள்.

போனை வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது நடக்கிறது.

பத்து நாளாக நான் கேட்டதைத்தான் கர்த்தர் கொடுக்கப்போகிறார். அவர் முகத்தைப் பார்த்தேன். பதினெட்டு வருடம் பார்த்த முகம். "வேண்டாம் ஆண்டவரே. நான் கேட்டதை மறந்துவிடும். இவரை விட்டுவிடும்" என்றேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன்.

பாஷா பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார். "அண்ணி, தண்ணியில ஃபர்ஸ்ட் கியரை மாத்தாதீங்க. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுக்கவே எடுக்காதீங்க. எடுத்தா நின்னுடும். போங்க. நான் ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்."

வீல்சேரைச் சாய்வுப் பலகையில் தள்ளினேன். பலகை நனைந்திருந்தது. பாதி ஏறியதும் வழுக்கிக்கொண்டு பின்னால் வந்தது. என் நெஞ்சால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, "யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். வேறு ஜெபம் வரவில்லை.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடிவந்தவர் மோகன் சார்.

அருளின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க. கால்வாய் மூடி ஒண்ணு தொறந்து கிடக்கு. நான் முன்னாடி நடக்கறேன், என் பின்னாடியே வாங்க" என்றார்.

ஒரு துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டித் தட்டி அவர் நடந்தார். கலங்கிய தண்ணீரில் ரோடு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வேனை நகர்த்தினேன். மெயின் ரோடு வந்ததும் அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"வலது பக்கம் நீங்க பாருங்க. இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரே நெரிசல். ஸ்கூல் ஆட்டோக்கள், இடுக்கில் நுழைகிற பைக்குகள். அவர் மழையில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார். "ஸ்கூட்டர் வருது, நில்லுங்க. இன்னும் நில்லுங்க. இப்ப ஒடிங்க." நின்றபோதும் க்ளட்சை மிதித்துக்கொண்டேன், ஆக்சிலரேட்டரை விடவில்லை. கேம்ப் ரோடு வரை பின்னால் அருள் முனகிக்கொண்டு வந்தார். அதன்பிறகு சத்தமே இல்லை. என்னால் திரும்பிப் பார்க்க முடியாது. "இயேசப்பா, இவரைக் கொடுத்துவிடும், இவரைக் கொடுத்துவிடும்" என்று அழுதுகொண்டே ஓட்டினேன்.

நெற்றியில் பாதி கரைந்த விபூதியோடு உட்கார்ந்திருந்த மோகன் சார் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணைத் தொறந்துதான் இருக்கார். ரோட்டைப் பாருங்க. ஓட்டுங்க."

ஆஸ்பத்திரியில் ட்யூபை மாற்றினார்கள். சிறிது நேரத்திலேயே பி.பி. இறங்கத் தொடங்கியது. "நிமிர்ந்து உக்கார வெச்சே கொண்டுவந்தீங்க, நல்லவேளை. படுக்க வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எரிச்சலோடு நான் பார்த்த அந்த வேனில், கூட வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து வைத்த கொக்கியில்தான், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். நான் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதேன்.

பாஷா பாய் வந்து சேர்ந்தபோது மோகன் சார் ஈர லுங்கியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கும்பிட்டேன். "கீர்த்தனாவுக்குக் கை ஆறிடுச்சு" என்றார்.

நாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்ததும் அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாள் நான் என்ன கேட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நானும் அதையேதான் கேட்டுகினு இருந்தேன் ரூபி. நீயாவது தூங்குவன்னு."

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். ஒரே வீட்டில், ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு பேரும் சாவைக் கேட்டிருக்கிறோம். கர்த்தர் இரண்டையும் கேட்டார், இரண்டையும் தள்ளிவிட்டார். கலங்கிய தண்ணீரில் நின்று கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அருள் இன்னும் நடக்கவில்லை. நடப்பார் என்று இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. புண் ஆறுகிறது, மறுபடி வருகிறது. மோசமான வாரங்கள் இருக்கின்றன. ஆனால் ஞாயிறு தோறும் சபையில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வீல்சேர் நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள். வாரம் ஒருமுறை கேளம்பாக்கம் வரை பிசியோதெரபிக்குப் போய் வருகிறோம். மூலையில் திரும்புமுன் இன்றைக்கும் நிறுத்தி, இடது பக்கம் இரண்டு தடவை பார்க்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடு ஓட்டப் பழகிவிட்டேன்.

நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே சொல்ல முடியாத ஜெபத்தைச் செய்துகொண்டிருக்கிறவர்கள் இங்கே இருக்கலாம். அதைக் கர்த்தரிடமே சொல்லுங்கள். அவர் உங்களைத் தள்ளமாட்டார். நாளைக்கும் அவரிடமே போங்கள். நீங்கள் நினைத்த ஆள் வரமாட்டார், ஆனால் ஒருவர் வருவார்.

ஆட்டோவில் ஏற முடியாதவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். வேனில் அருளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் பூட்ட இடம் இருக்கிறது. வீட்டு வாசலுக்கே வருகிறேன்.